கையும் குழறும்

கேள்வி: எங்கள் தெருவில் காது கேளாத தம்பதியர் குடியிருக்கிறார்கள். அவர்கள் கையால் பேசிக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு சைகையையும் மனதில் படமாக நினைத்துப் பார்த்துத்தான் காட்டுகிறார்களா? நமக்கு வாய் குழறுவதுபோல அவர்களுக்குக் கை குழறுமா?
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்குச் சாவி, அம்மா. கை குழறும். அந்தக் குழறலை வைத்துத்தான் ஆய்வாளர்கள் உள்ளே நடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் 'படம்' என்ற எண்ணத்தைத் தள்ளிவைப்போம். சைகை மொழி என்றால் பொருளைக் காற்றில் வரைந்து நடித்துக் காட்டுவது என்றே பலரும் நினைக்கிறோம். சில சைகைகள் பொருளைப்போலவே இருப்பதும் உண்மைதான். ஆனால் மூளையின் இடது பாதியில் அடிபட்ட சிலரால் தங்கள் சைகை மொழியில் பேச முடியாமல் போனது. அவர்களே ஒரு செயலை நடித்துக் காட்டச் சொன்னால் சுலபமாகக் காட்டினார்கள். நடிப்பு வேறு, மொழி வேறு.

அப்படியானால் சைகை எதனால் ஆனது? அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல் இதற்கு விடை சொன்னார். விரல்கள் நிற்கும் விதமான கைவடிவம், கை உடலில் எங்கே இருக்கிறது என்ற இடம், அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு சைகை. அந்த மொழியில் ஆள்காட்டி விரலை மடக்கியபடி நெற்றிக்குக் குறுக்கே இழுத்தால் 'கோடை'. அதையே மூக்கருகே செய்தால் 'அசிங்கம்', மோவாயில் செய்தால் 'வறட்சி'. கல், பல், சொல் என்று நமக்கு ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறுவதுபோல அங்கே இடம் மாறினால் பொருள் மாறுகிறது.

சரி, பேசும் நேரத்தில் இந்தப் பகுதிகளை மனம் உண்மையிலேயே பிரித்துச் சேர்க்கிறதா? இங்கேதான் குழறல் உதவுகிறது. அவசரத்தில் நாம் 'மோர்க்குழம்பு' என்பதற்கு 'கோர்முழம்பு' என்கிறோம். ஆய்வாளர்கள் உர்சுலா பெல்லுகியும் எட்வர்ட் கிளிமாவும் 1970களில் அதே அமெரிக்க சைகை மொழியில் இதேபோன்ற கைக்குழறல்களைச் சேகரித்தார்கள். 'நோய்' என்பதற்கு நடுவிரல் நெற்றியைத் தொட வேண்டும். 'சலிப்பு' என்பதற்கு ஆள்காட்டி விரல் மூக்கோரத்தைத் தொட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வந்த ஒருவருக்கு விரல்கள் இடம் மாறிவிட்டன: நெற்றிக்கு ஆள்காட்டி விரல், மூக்குக்கு நடுவிரல். இடமும் அசைவும் அப்படியே இருக்க, கைவடிவம் மட்டும் கழன்று அடுத்த சைகையில் போய் ஒட்டிக்கொண்டது. முழுப் படமாகச் சேமித்து வைத்திருந்தால் இப்படிக் கழலாது. அவர்கள் சேகரித்த பிழைகளில் கைவடிவப் பிழைகளே அதிகம்.

சேர்ப்பதற்கு முன்னும் ஒரு படி உண்டு. என்ன சொல்ல வேண்டும் என்பதை மனம் முதலில் தேர்ந்தெடுக்கிறது; உருவம் பிறகுதான் வருகிறது. நமக்கு ஒரு பெயர் தொண்டைவரை வந்து நிற்கிறதல்லவா? அவர்களுக்கு அது விரல் நுனியில் நிற்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தவித்தவர்களுக்குச் சைகையின் கைவடிவமும் இடமும் ஓரளவு நினைவுக்கு வந்தன, அசைவுதான் அடம்பிடித்தது. பகுதிகள் தனித்தனியே வருகின்றன என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

வேகத்துக்கும் காரணம் இந்தப் பகுதிகள்தான். நாக்கு ஓர் ஒலிக்குப்பின் அடுத்த ஒலி என்று வரிசையாகத்தான் போக முடியும். கையோ வடிவம், இடம், அசைவு மூன்றையும் ஒரே நேரத்தில் காட்டிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு சைகைக்கு ஒரு சொல்லைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனாலும் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்க இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. எனவே அந்தத் தம்பதியர் உங்களைவிட வேகமாகவும் பேசவில்லை, மெதுவாகவும் பேசவில்லை.