வீடியோக் கலையில் தன்னோக்கும் பிறர்நோக்கும்

முன்னுரை

தியாகராய நகரின் பெருங்கடைகளில் நுழைவோர் சிலவேளை வாயிலருகே உள்ள திரையில் தம் உருவத்தைத் தாமே காண்கின்றனர். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் கூப்பிய கைகளோடு கைப்பேசி ஏந்திய கைகளும் உயர்கின்றன. அவற்றுட் சில, ஏந்தியவரையே படம் பிடிக்கின்றன. தன் உருவத்தை அந்நொடியிலேயே காணும் இவ்வாய்ப்பைக் கலைப்பொருளாக்கி முதலில் ஆராய்ந்தோர் வீடியோக் கலைஞர்கள். அவர்தம் படைப்புகளில் 'தான்' பெறும் இடத்தை நம் அகமரபின் துணைகொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

உடன் தெரியும் உருவம்

திரைப்படச் சுருளைக் கழுவிய பின்னரே உருவம் புலப்படும். 1960களின் பிற்பகுதியில் ஒருவரே சுமக்கத்தக்க வீடியோக் கருவி விற்பனைக்கு வந்தது. அதன்பின் படமெடுக்கும்போதே கலைஞர் தம்மைத் திரையில் காண முடிந்தது. அமெரிக்கரான விட்டோ அக்கோஞ்சி 1971இல் 'மையங்கள்' எனப் பொருள்படும் படைப்பொன்றை உருவாக்கினார். அதில் அவர் திரையில் தெரிந்த தம் உருவத்தின் நடுவை நோக்கி இருபது நிமிடங்களுக்கு மேல் விரல் நீட்டியிருந்தார். இதனைச் சான்றாகக் கொண்டு, தன்மோகமே வீடியோவின் இயல்பு என ரோசலிண்ட் கிராஸ் 1976இல் வாதிட்டார். ஆயின், காண்போர்க்கு அவ்விரல் தம்மையே சுட்டுவதாகத் தோன்றும் என்பதும் நோக்கத்தக்கது.

கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக், 1974இல் புத்தர் சிலையொன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்த்தினார். பெட்டியில் தெரிவது அச்சிலையின் உருவமே. தன்முனைப்பைத் துறக்கச் சொன்னவர் தம்மையே ஓயாது நோக்குகிறார். இது தியானமா, பற்றா என்னும் வினாவுக்குக் காண்போரே விடை தேட வேண்டும்.

அகமரபு தரும் அளவுகோல்

அன்பின் ஐந்திணையில் ஒருவரது பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. குறுந்தொகையில் பேசுவோர் தலைவி, தோழி, செவிலி போன்றோரே. அங்கு ஒலிக்கும் 'யான்' புலவர் அல்லர். பெயர் நீங்கிய அவ்விடத்தில் படிப்போர் எவரும் புகுந்து நிற்கலாம். தன்னைக் காட்டும் கலைக்கும் இதுவே தக்க அளவுகோல் என்பது நம் கருத்து.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய நிழற்பட வரிசையொன்றை உருவாக்கினார். இரவிவர்மாவின் ஓவியப் பெண்ணாகவும், குடியேற்ற ஆட்சிக்கால ஆய்வாளர் அளவெடுத்த பழங்குடிப் பெண்ணாகவும் அவரே தோன்றுகிறார். உடல் அவருடையது, கூற்று பிறருடையது. 2019இல் சென்னை நிழற்பட ஈராண்டு விழாவைப் பொறுப்பேற்று வடிவமைத்தவரும் அவரே. கண்ணாடியை மையமாக்கிய அவ்விழாவின் காட்சிகள் சேப்பாக்கம் செனட் இல்லத்தில் இடம்பெற்றன.

நளினி மலானி 1946இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினை அவர் குடும்பத்தை இடம்பெயரச் செய்தது. 1998இல் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தியபின், மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை அடியொற்றி அவர் ஒரு வீடியோப் படைப்பு அமைத்தார். தகரப் பெட்டிகளுக்குள் திரைகள் ஒளிர்கின்றன. எதிரெதிர்ச் சுவர்களில் தோன்றும் இரு பெண்கள் ஒரே சேலையை மடிக்க முயல்கின்றனர். இடையில் நிற்பவர் பார்வையாளர். தம் குடும்பம் பட்ட துயரைக் கூற மலானி தம்மை முன்னிறுத்தவில்லை. அத்துயரின் நடுவே நம்மை நிறுத்துகிறார்.

முடிவுரை

தன்னைக் காட்டுதல் குற்றமன்று; தன்னை மட்டுமே காட்டுதல் குறையாகும். ஓர் இறைநம்பிக்கையாளர் மற்றோர் இறைநம்பிக்கையாளர்க்குக் கண்ணாடி என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கண்ணாடி தன்னைக் காட்டாது. எதிரே நிற்பவரையே காட்டும். நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு வீடியோக் கருவி உள்ளது. எடுக்கும் படத்தில் பிறர் நிற்க இடமுண்டா என அவர்கள் வினவிப் பழகுவார்களாயின், அகப்பாடல் வகுப்பில் கற்றது வகுப்பறைக்கு வெளியிலும் பயன்படும் எனலாம்.