தூக்கி வந்தவர்களுக்கு என்ன கைமாறு?

கேள்வி: உதைபந்தாட்டத்தில் முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது. எதிரணிப் பெடியள்தான் தூக்கிவந்து படகேற்றினார்கள். இப்போது ஆள்மாறி ஆள் சாப்பாடும் கொண்டுவருகிறார்கள். எல்லாருக்கும் பாரமாகிவிட்டேனோ என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், நெடுந்தீவு

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, தம்பி. நெடுந்தீவில் விழுந்தவருக்குக் குறிகட்டுவான் வரை கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டித்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. நாலு பேர் கைகொடுக்காமல் அந்த வழியில் எவர் போய்ச் சேர்ந்தார்?

2008 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி சாஃப்ட்போல் ஆட்டம். சாரா டுகோல்ஸ்கி தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். எல்லாத் தளங்களையும் தொட்டுச் சுற்றி வந்தால்தான் அது செல்லும். முதல் தளத்தருகே திரும்பியபோது முழங்கால் விட்டுப்போனது. சொந்த அணியினர் தூக்கினால் செல்லாது என்றார் நடுவர். எதிரணியின் மலோரி ஹோல்ட்மன், "நாங்கள் தூக்கலாமா?" என்று கேட்டார். லிஸ் வாலஸும் அவரும் சாராவைச் சுமந்து, ஒவ்வொரு தளத்திலும் தாழ்த்தி, இடது காலை மெல்லத் தொடவைத்துச் சுற்றி வந்தார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றதும் அவர்கள்தான். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். சாரா செய்ததெல்லாம், அந்த இரண்டு தோள்களிலும் கை போட்டதுதான்.

நீங்களும் தருகிற புட்டையும் சொதியையும் வயிறாரச் சாப்பிடுங்கள். சத்திரசிகிச்சை என்றால் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பிடிக்கும். வீக்கம் வற்றிவிட்டதென்று முந்திக்கொண்டு இறங்கவேண்டாம். சொல்லித்தந்த பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள். அந்த எதிரணிப் பெடியளுக்கு இன்றைக்கே போன் எடுங்கள். கால் எப்படியென்று அறிய அவர்களும் தவித்துக்கொண்டிருப்பார்கள்.