மணலுக்குள் காத்திருக்கும் விதைகள்



பாலைவனம் என்றால் ஒன்றுமில்லாத வெறும் பூமி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிரசங்கத்தில் நானும் அப்படியே பலமுறை சொன்னதுண்டு. இனிமேல் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டெத் வேலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. 1913-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி அங்கே 134 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் பதிவாயிற்று. வருஷத்துக்குச் சுமார் 2 அங்குல மழைதான். ஆனால் 2004 கடைசியிலிருந்து 2005 வசந்தம் வரை 6 அங்குலத்துக்கு மேல் பெய்தது. உடனே அந்த வெறும் கல்லும் மணலும் மைல் கணக்கில் மஞ்சள் பூவாக விரிந்தன. விதைத்தவர் யார்? முன்பு எப்போதோ பூத்து மடிந்த செடிகள்தாம்.

இச்செடிகள் கள்ளியைப்போல் தண்ணீர் சேமித்து வறட்சியோடு போராடுவதில்லை. முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, சில வாரங்களில் அல்லது மாதங்களில் மடிந்துபோகும். வறண்ட காலமெல்லாம் விதையாகவே கிடக்கும். சிறு தூறலுக்கும் அவை ஏமாறுவதில்லை. பிரிட்ஸ் வென்ட் என்ற தாவர சாஸ்திரி, பாலைவன மண்ணை எடுத்துச் சோதித்தார். அடியிலிருந்து ஈரமாக்கினால் விதை முளைக்கவில்லை. மேலிருந்து மழைபோல் பொழிந்தால் முளைத்தது! பல விதைகளின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் சத்து இருக்கிறது. நல்ல மழைதான் அதைக் கழுவ முடியும்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் முளைப்பதில்லை. பிறகு மழை பொய்த்தால் என்ன ஆகும்? வீட்டிலுள்ள விதைநெல் முழுவதையும் முதல் மழைக்கே விதைத்துவிடும் சம்சாரி உண்டா? அரிசோனாவில், டூசான் நகரத்தருகே டுமமோக் குன்றில், 1982 முதல் ஆராய்ச்சியாளர் இச்செடிகளை எண்ணி வந்திருக்கிறார்கள். எந்தச் செடியின் பிழைப்பு வருஷத்துக்கு வருஷம் அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அதுவே அதிக விதையை மண்ணில் நிறுத்தி வைக்கிறதாம்.

இந்தக் களஞ்சியத்தை நம்பிப் பிழைக்கும் ஜீவன்கள் பல. கங்காரு எலி விதைகளைக் கன்னப்பையில் அள்ளிப் புதைத்து வைக்கும். தண்ணீர் குடிப்பதே அரிது. தின்ற விதையிலிருந்தே உடம்பு நீரை உண்டாக்கிக்கொள்ளும். அது மறந்துபோன விதைகள் பிறகு முளைக்கும். எறும்புகளுக்கும் இதே ஆகாரம். தனித்து வாழும் சிலவகைத் தேனீக்களும் மழை வரும்வரை வருஷக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன.

ஆனால் வெளியிலிருந்து ஒரு சத்துரு வந்திருக்கிறது: சஹாரா கடுகு. இது சொற்ப மழைக்கே முந்தி முளைத்து, இடத்தையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதன் நிழலில் முளைத்த பூச்செடி விதை கட்டாமலே மடிந்தால், மண்ணிலுள்ள இருப்பு குறையும். எடுத்ததைத் திரும்ப வைப்பாரில்லை. ஆகையால் ஆன்சா-பொரேகோ பாலைவனத்தில் தொண்டர்கள் குனிந்து கையாலேயே அந்தக் கடுகைப் பிடுங்குகிறார்கள். காய் முற்றுவதற்கு முன்பே பிடுங்கியாக வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்திவிடும்.