எத்தனை மடங்கு?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், குழல் வாய் வழியே புகையில்லா மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு 25 மடங்கு ஸ்கோப் தேடுகிறார். சரியா?
– ஒரு வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: மடங்கை விடுங்கள், 15 போதும். தூரம் போகப் போகக் குண்டு தாழ்கிறதே, அதை ஈடுகட்டும் அளவுக்கு மேல்திருகு சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில் (திருகின் கோண அளவு) திருகினால் குண்டு படும் இடம் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் உயரும், 500-ல் 50. உதையும் பலமாக இருக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி இல்லாவிட்டால் புருவம் கிழியும். அண்ணன் எந்த மாநிலம்? கொலராடோவில் குழல் வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்றே உள்ள வேட்டைப் பருவத்தில் ஸ்கோப்புக்கும் தடை, புகையில்லா மருந்துக்கும் தடை.

ஒன்று: நம் பக்கத்து நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி கருமருந்துக்கானது. அதில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடிக்கும்.