பாய் சுருண்ட பக்கம்

அன்புள்ள பேத்திக்கு,

திருச்சானூரில் பத்ம சரோவரத்துப் படியில் உட்கார்ந்து, தூரத்தில் தெரிந்த திருமலையைக் காட்டி, "இதை யார் தாத்தா தூக்கி வச்சாங்க?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு நான் தரவேண்டிய பதில் இது.

மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறியபோது, வெட்டுப்பாறையில் ஒரு கோட்டைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? கோட்டுக்குக் கீழே இருப்பது கிரானைட். ஏறக்குறைய 250 கோடி வயது. மேலே அடுக்கடுக்காக இருப்பது குவார்ட்சைட். ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த மணல்தான் இறுகி இப்படிக் கல்லானது. இரண்டுக்கும் நடுவே உன் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலம் காணாமல் போயிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் போற்றுகிறது.

இப்போது ஒன்றைக் கவனி. அந்த மணலடுக்குகள் பெரும்பாலும் படுக்கையாகவே கிடக்கின்றன. அவற்றை யாரும் கசக்கவில்லை. வடகிழக்கே வெலிகொண்டா மலைவரிசைக்குப் போனால், இந்த மணல் படிந்த அதே கடப்பைப் படுகையின் பாறைகள் மடிந்து, புரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஏன் இந்த வேறுபாடு?

வீட்டில் கோரைப்பாயை விரித்து, ஒரு ஓரத்தை மட்டும் கையால் தள்ளிப் பார். கைப்பக்கம் சுருண்டு எழும்பும்; எதிர்ப்பக்கம் அசையாது. திருமலை அந்த அசையாத பக்கம். வெலிகொண்டா கைப்பக்கம். அப்படியானால் தள்ளிய கை கிழக்கே இருந்திருக்க வேண்டும், இல்லையா?

அந்தக் கையின் தடயம் நெல்லூர்ப் பக்கத்துக் கண்ட்ராவில் இருக்கிறது. அங்கே ஒரு பழங்கடலின் தரைத்துண்டு நிலத்தின் மேல் கிடக்கிறது. அதற்கு வயது ஏறத்தாழ 185 கோடி. எரிமலைக் குழம்பு கடலடியில் வெளிவந்தால், மேல்தோல் சட்டென்று குளிர்ந்து, தலையணை தலையணையாக உறைந்துவிடும். கண்ட்ராவில் அப்படி உறைந்த பாறைகள் இருப்பதால்தான் அது கடல்தரை என்று தெரிகிறது. கனத்த கடல்தரை சாதாரணமாக நிலத்தின் அடியில் அமிழ்ந்து மறைந்துபோகும். நிலங்கள் நெருங்கி நடுவே இருந்த கடல் மூடிக்கொண்டபோது, அமிழாமல் சிக்கிய துண்டு இது. இத்தகைய துண்டை ஓஃபியோலைட் என்பார்கள். துணி தைத்த இடத்தில் தையல் தெரிவதுபோல், இரண்டு நிலங்கள் இணைந்த இடத்தில் இது தெரியும்.

நமக்கு அடியில் இருக்கும் தார்வார் என்னும் பழம்பாறைத் திட்டின் கிழக்கு விளிம்பில், இப்படி வேற்று நிலங்கள் தவணை தவணையாக வந்து ஒட்டின. ஓங்கோல் பக்கத்து நிலம் முதலில் சேர்ந்தது. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன், விசாகப்பட்டினம், ஒடிசா பக்கத்து மலைநிலம் மோதிச் சேர்ந்தது. அங்குள்ள பாறைக்குக் கோண்டலைட் என்று பெயர். அந்த மலைகளில் வாழும் கோந்த் மக்களின் பெயரால் வந்தது. கோனார்க் சூரியன் கோயில் பெரும்பாலும் அந்தக் கல்லால் கட்டியதுதான். அந்த மலைநிலத்தின் மறுபாதி இன்று கிழக்கு அண்டார்க்டிகாவில், பனிக்கு நடுவே கிடக்கிறது. இரண்டும் ஒரே மலைத்தொடராக இருந்து, பின்னாளில் பிரிந்தவை.

கோண்டலைட் தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்த பாறை. இன்று அது வெயிலில் நிற்கிறதென்றால், மேலே இருந்த அத்தனையும் கரைந்து போய்விட்டது என்றுதான் பொருள். இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் அது இன்னும் உயரமாக நிற்கிறது. நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மிஞ்சியிருப்பது அன்றைய மலைகளின் வேர்தான். மலையின் வயதை அதன் உயரத்தை வைத்துக் கணிக்காதே.

அடுத்த லீவுக்கு வரும்போது திருப்பதியிலிருந்து கூடூர் ரயிலில் ஏறுவோம். இடப்பக்கத்து ஜன்னலோரம் உனக்கு. காளஹஸ்தி தாண்டி, வெங்கடகிரி நெருங்கும்போது மேற்கே பார். தெரிகிற மலைவரிசைதான் வெலிகொண்டா, பாய் சுருண்ட பக்கம். தள்ளிய கை எந்தத் திசையில் இருந்தது என்று அப்போது நீயே எனக்குக் காட்டு.

அன்புடன்,
தாத்தா