மலையூரிலிருந்து திருகோணமலைக்குச் சுழியோடப் போகிறவர்களுக்கு

சுவிஸின் லா ஷோ-து-ஃபோனுக்குள் கடலும் இல்லை, ஏரியும் இல்லை. 992 மீட்டர் உயரத்தில் பனிக்கும் கடிகாரத்துக்கும் பேர்போன ஊர். ஆனாலும் சுழியோட ஆசைப்பட்டவருக்கு வழி இருக்கிறது. காரில் சிலிண்டரை ஏற்றி வியூ-தே-ஆல்ப் சுரங்கப்பாதையால் இறங்கினால் அரை மணிக்குள் நொஷாத்தெல் ஏரி. படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். கரையில் உடையை மாட்டி, கூட்டாளியுடன் நடந்தே தண்ணீருக்குள் போகலாம். அங்கே பழகிய கையோடு, கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருகோணமலைக் கரையிலும் அப்படியே இறங்கிப் பார்ப்போமே என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் ஏரி கற்றுத் தந்ததில் பாதி அங்கே உதவும், பாதி காலை வாரும்.

செய்ய வேண்டியவை

மாதத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரருக்கு அதிர்ஷ்டம். கடிகாரத் தொழிற்சாலைகள் மூடும் ஜூலை, ஆகஸ்ட் வாரங்கள் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும் பருவத்துக்குள் விழுகின்றன. ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, நிலாவெளி, உப்புவெளி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ, உனவட்டுன. மாமா வீடு காலியில் இருக்கிறது என்பதற்காக ஜூலையில் தெற்கே இறங்கினால் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைதான் வரவேற்கும்.

கிழக்கிலும் காற்று உண்டு. கச்சான் என்றதும் நமக்கு வறுத்த கடலைதான் நினைவுக்கு வரும். அங்கே கடலோடிகளுக்கு அது மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், பார்த்தவுடன் இறங்கத் தோன்றும். வெளியே போய் மேலே வந்த பிறகுதான் அது உங்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போவது தெரியும். ஆகவே காலையில் இறங்குங்கள், காற்று எழும்பும் முன் கரையில் இருங்கள். முதலில் கரைக்கு இணையாக, நீரோட்டத்தை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதோடு வாருங்கள். திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். நம் ஊரில் எல்லாத் தெருவும் நேர்கோடு, லெயோபோல்-ரோபேர் வீதியைக் கண்டால் வீடு தெரிந்துவிடும். பவளத்துக்கு அப்படி நகரத்திட்டம் போட்டவர் யாருமில்லை.

கரைவலைச் சம்மாட்டியிடம் கேளுங்கள். சுழியோடக் கற்றுத்தரும் புத்தகங்களில் இவர் இல்லை. ஆனால் அந்தக் கரையில் எந்த நேரம் எந்த இடத்தில் வலை இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். படகு அரைவட்டமாகப் போய் வலையை விட்டுவர, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். வளையத்துக்குள் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கு அன்றைய பாடும் போகும். முதல்நாளே போய், "அண்ணை, நாளைக்குக் காலமை எந்தப் பக்கம் வலை?" என்று கேட்டால் போதும். அப்படியே கடலைப் பற்றி இன்னும் பத்து விஷயம் சொல்லுவார். வலை அறுக்கும் சிறு கத்தியும், நீங்கள் கீழே இருப்பதைப் படகுக்காரருக்குக் காட்டும் நிறமான மிதவையும் கட்டாயம்.

இடுப்பு எடையைப் புதிதாகப் பாருங்கள். ஏரியில் ஆழத்தில் தண்ணீர் 5, 6 பாகைக் குளிர், அதற்கு 7 மில்லிமீட்டர் உடை, அதை அமிழ்த்த ஈயம். திருகோணமலையில் தண்ணீர் 28 பாகை அளவில் இருக்கும், மெல்லிய உடை போதும். பல கிலோ குறையும். மறுபுறம் உப்புநீர் உங்களை மேலே தூக்கும்: ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 கிலோ கூடுதலாக வேண்டும். சிலிண்டரும் மாறும். சுவிஸில் பெரும்பாலும் இரும்பு. அங்கே வாடகைக்குக் கிடைப்பது அலுமினியமாக இருந்தால், காற்று தீரத் தீர அது மிதக்கப் பார்க்கும். இவ்வளவையும் மனக்கணக்காகப் போட்டுவிட்டு நேரே ஆழத்துக்குப் போகாதீர்கள். முதல்நாள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பாருங்கள். ரெகுலேட்டர் திருகி மாட்டும் டின் வகையா, கவ்வி மாட்டும் வகையா என்றும் முன்பே கேளுங்கள். பொருத்தி இல்லாமல் 8,000 கிலோமீட்டர் போய்க் கரையில் குந்தியிருப்பதைவிடக் கவலை வேறில்லை.

சிலிண்டரில் உள்ளதை நிமிடமாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர். கடைசி 50 பார், அதாவது 550 லிட்டர், தொடக்கூடாத காசு. மிச்சம் 1,650. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 15 மீட்டர் ஆழத்தில் 50 லிட்டர் இழுப்பார். ஆக 33 நிமிடம், போக வர எல்லாம் சேர்த்து.

கயிறு பிடிக்க ஆள் வையுங்கள். மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பில் மேலே இருந்து கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்கவேண்டும் என்பார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று. இன்று கயிறு இல்லை, ஆனால் கரையில் ஒருவர் வேண்டும். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எத்தனை மணிக்குள் தலை தெரியவேண்டும், தெரியாவிட்டால் யாருக்கு அழைப்பது என்பது அவரிடம் தாளில் இருக்கட்டும். இலங்கையில் இலவச ஆம்புலன்ஸ் 1990. நொஷாத்தெல் கரையில் 144, மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. அழுத்த அறை உள்ள மிக அருகான இடம் எது, அது இப்போது இயங்குகிறதா என்று புறப்படும் முன்பே காப்புறுதிக்காரரிடம் கேட்டு அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

செய்யக்கூடாதவை

சுழியோடிய உடம்போடு மலை ஏறாதீர்கள்.

நம் ஊர்க்காரர் இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்திருக்கவேண்டும், ஆனால் நாம்தான் அதிகம் மறக்கிறோம். நொஷாத்தெல் ஏரி 429 மீட்டரில் இருக்கிறது. வெளியே வந்து ஈரத்தோடு காரில் ஏறி வீட்டுக்கு விட்டால் அரை மணிக்குள் இன்னும் 560 மீட்டர் மேலே போயிருப்பீர்கள். தண்ணீர் எங்கே முடிந்தது, ரோடு எங்கே தொடங்கியது என்பது இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்குத் தெரியாது. வெளியழுத்தம் குறைந்தால் அது குமிழியாகப் பார்க்கும், அவ்வளவுதான். உயரத்து ஏரிகளில் சுழியோடுவதற்கான அட்டவணைகளைப் பல ஆண்டு உழைத்து உருவாக்கியவர் சூரிச் மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன். இன்று உலகெங்கும் பல சுழியோடிகளின் மணிக்கட்டுக் கணினிக்குள் ஓடுவது அவருடைய கணக்கு. மலைநாட்டுக்காரருக்கு அந்தக் கவலை வந்ததில் வியப்பில்லை. ஏரிக்கரையில் புட்டுப் பொதியைப் பிரித்து, தேநீர் குடித்து, சில மணிநேரம் கதைத்துவிட்டுப் புறப்படுகிற கூட்டம்தான் புத்திசாலிக் கூட்டம். எத்தனை மணிநேரம் என்பதை உங்கள் கணினியும் அட்டவணையும் சொல்லட்டும்.

இலங்கையில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். ஊருக்குப் போகும் குடும்பத்தின் பயணத் திட்டம் அநேகமாக இப்படி: முதலில் திருகோணமலை, பிறகு கண்டி, பிறகு நுவரெலியா, பிறகு கட்டுநாயக்கா. பிள்ளைகள் கடலுக்கு அவதிப்படுவார்கள், அதனால் கடல் முதலில். நுவரெலியா 1,868 மீட்டர், நம் ஊரைப்போல் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. காலையில் சுழியோடிவிட்டு வேனில் ஏறி இரவு அங்கே போய்ச் சேருவது விமானம் ஏறுவதற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. திட்டத்தைத் தலைகீழாக்குங்கள்: மலை முதலில், கடல் பிறகு, கடைசியில் ஒருநாள் சும்மா. விமான அறைக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் உயரத்து அளவுக்குக் குறையலாம். பல நாள் தொடர்ந்து சுழியோடியவர் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்கவேண்டும் என்பது பொது விதி. நான் 24 என்றே வைப்பேன். அந்த ஆறு மணிநேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

கையில் கட்டிய சுழியோடிக் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். இதைக் கடிகார ஊரில் இருந்துகொண்டு சொல்லத் தைரியம் வேண்டும். பக்கத்து ஊரான லு லொக்கிளில் பிறந்த டொக்ஸா நிறுவனம் 1967இல் கொண்டுவந்த செம்மஞ்சள் முகக் கடிகாரத்தில், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் தங்கலாம் என்பது சுழல் வளையத்திலேயே பொறித்திருந்தது. அருமையான வேலை. இத்தகைய வளையங்கள் ஒரு பக்கம் மட்டும் சுழல்வதன் காரணமும் அழகு: தட்டுப்பட்டு நகர்ந்தாலும் உங்கள் நேரம் குறையுமே தவிரக் கூடாது. ஆனால் அந்த எண்கள் கடல்மட்டத்தில் ஒருமுறை இறங்குபவருக்கு. நாளுக்கு மூன்று தரம் இறங்குபவருக்குக் கணினி வேண்டும், கடிகாரம் துணைக்கு.

கேட்காமல் எந்தக் கரையிலும் இறங்காதீர்கள். திருகோணமலைத் துறைமுகம் கடற்படைத் தளம். கோணேசர் கோயில் இருப்பது பிரெட்ரிக் கோட்டைக்குள். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. கரையிலிருந்து நடந்து போகிற இடமல்ல, படகும் அனுமதிச் சீட்டும் வேண்டும். பவளம், சங்கு எதையும் எடுக்கவேண்டாம். நொஷாத்தெல் ஏரியின் அடியில் நிற்கும் வரலாற்றுக்கு முந்தைய வீட்டுக் கால்களை நாம் தொடுவதில்லை அல்லவா, அதே மரியாதை.

டைனமைட் சத்தம் கேட்ட பகுதியில் அன்றைக்கு இறங்காதீர்கள். சட்டத்துக்கு விரோதம்தான், ஆனாலும் அந்தக் கடலில் நடப்பது. தண்ணீருக்குள் வெடியதிர்ச்சி காதையும் நுரையீரலையும் கிழிக்கும்.

40 மீட்டரைத் தாண்டாதீர்கள். சுவிஸ் விபத்துக் காப்புறுதி அதற்குக் கீழே போவதைத் துணிச்சல் விளையாட்டாக எண்ணி, கொடுக்கவேண்டிய பணத்தில் பாதியை வெட்டலாம். தடிமன் இருந்தால் ஒரு மீட்டரும் வேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சுழியோடிய கையோடு போய் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்காதீர்கள். சூடும் குமிழியை எழுப்பும். அதைக் கடைசி நாளுக்கு வைத்திருங்கள். கடலுக்குப் போகாமல் சும்மா இருக்கச் சொன்ன அந்த நாளில், மாமியும் பிள்ளைகளும் கேட்கும் இடமும் அநேகமாக அதுதான்.