குடிமராமத்தும் கிராம சபையும்

ஆர்.கே.பேட்டை வட்டார விவசாயிக்கு ஏரியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்தாலன்றி இங்குப் பயிர் இல்லை. எனினும், வரத்துக்கால் தூர்ந்தால் அதைத் திறக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்போது, ‘அது சர்க்கார் ஏரி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இச்சொல் நம் வாயில் எவ்வாறு வந்தது என்பதை அறிதல் நலம்.

முன்னாளில் கரைக்கு மண் அணைத்தல், வாய்க்காலில் தூர் எடுத்தல் போன்ற பணிகளை ஊராரே செய்துவந்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்ததை, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. சித்தூர்ப் பக்கத்தில் ஏரி பராமரிப்புக்கென்றே தசபந்த மானியங்கள் விடப்பட்டிருந்தன. அதாவது, வேலையும் ஊராருடையது. அதற்கான வருவாயும் நிருவாகமும் ஊராருடையவை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவருவாயின் பெரும்பகுதி சர்க்காருக்கோ ஜமீனுக்கோ சென்றது. வேலை மட்டும் ஊராரிடம் நின்றது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்க அது இடமளித்தது. உரிமை போனபின் தண்டத்தால் ஊக்கம் பிறக்குமா? சட்டம் ஏட்டில் இருந்தது, வழக்கம் தேய்ந்தது.

பழைய முறையில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. பல ஊர்களில் மண்கூடை ஏறியது நிலமில்லாதவர் தலையில்தான். நீர் பாயும் நிலத்தை உடையவர் பங்கு தருவதே முறை. கூலிக்கு உழைப்போரை இலவசமாக அழைத்து, அதற்குச் சிரமதானம் எனப் பெயரிடுதல் தகாது.

2017 மார்ச்சில் தமிழக அரசு அப்பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டம் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். ஆயக்கட்டுதாரர்கள் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. தொகை சிறிதே. ஆனால் அதைக் கொடுத்தவருக்குத்தான் மதிப்பீட்டுத் தாளைக் காட்டும்படி கேட்கும் துணிவு வருகிறது. அப்பங்கையும் ஒப்பந்தக்காரரே கட்டிவிட்டால், ஏரி மறுபடியும் சர்க்கார் ஏரியே!

ஊரார் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அது 2022 முதல் ஆண்டுக்கு ஆறுமுறை கூடுமாறு விதிக்கப்பட்டுள்ளது. தங்கள் ஏரி எவர் பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் தெரிந்துகொள்க. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்திருப்பின் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். மிகுந்திருப்பின் நீர்வளத் துறை. பிறகு, எத்தனை கனமீட்டர் மண் எடுக்கப்படும், அது எங்கே கொட்டப்படும் என்பவற்றைத் தீர்மானத்தில் எழுதுவித்தல் வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசுவோர் கலந்து வாழும் எல்லைப் பகுதியாகையால், கணக்கை இரு மொழியிலும் வாசித்தல் நன்று. விளங்காத கணக்கிற்குக் கைதூக்குவது சம்மதமாகாது.

ஆறு கூட்டங்களுள் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாளன்று கூடுவது. ஏரி வற்றத் தொடங்கித் தூர் எடுக்க இசைவான காலம் அது. கடைமடை நிலத்தார் அன்று முன்வரிசையில் அமரட்டும்.